வேகத் தெய்வத்துக்குப் படையல்

உலகப் படத்தை விரித்து, நியூசிலாந்தின் தென்தீவைத் தேடி, அதன் அடிமுனைக்கு விரலைக் கொண்டு சென்றால் இன்வர்காகில் என்னும் நகரம் தென்படும். அதற்கப்பால் சில தீவுகளும், பனிக்கண்டத்தை நோக்கி விரிந்து கிடக்கும் பெருங்கடலுமே உள்ளன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரிலிருந்த ஒரு கொட்டிலிலே தட்டொன்று காணப்பட்டது. மோட்டார் சைக்கிளொன்றின் உடைந்த உறுப்புக்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவை வேகத் தெய்வத்துக்கு இட்ட காணிக்கை எனப் பொருள்படும் வாசகம் ஒன்றையும் கொட்டிலின் உரிமையாளர் அங்கே எழுதி வைத்திருந்தார்.

ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்து, சந்தனமிட்டு, பூச்சூட்டி வணங்கும் மரபில் வந்தவர்கள் நாம். ஒருவர் தம் தொழிலைத் தெய்வத்தோடு சேர்த்து நினைப்பது எமக்குப் புதுமையன்று. ஆயினும் நாம் பூசையில் வைப்பவை நல்ல நிலையிலுள்ள கருவிகள். அவர் வைத்தவையோ உடைந்து போனவை. அவர் அதனை வேடிக்கையாக எழுதியிருக்கலாம். ஆனால் அந்த வேடிக்கைக்குள் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் வேண்டிய பாடமொன்று மறைந்திருக்கின்றது. அதனையே இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

அவர் பெயர் பேர்ட் மன்றோ. 1899 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆந் திகதி பிறந்து, இன்வர்காகிலுக்கு அண்மையிலுள்ள எடெண்டேல் என்னும் ஊரில், கமஞ்செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர். 1920 இல், தமது 21 ஆவது வயதில், ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் மோட்டார் சைக்கிளைப் புத்தம் புதிதாக வாங்கினார். பெயர் இந்தியன் ஆயினும், அது அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிறிங்பீல்ட் நகரத்தில் ஆக்கப்பட்டது. 600 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் இயந்திரம் வண்டியை மணிக்கு 55 மைல் வரை, அதாவது 89 கிலோமீற்றர் வரை, கொண்டு செல்ல வல்லது. அக்காலத்து வீதிகளுக்கு அது போதுமானதே. மன்றோவுக்குப் போதவில்லை. 1926 இல் அதனை மாற்றியமைக்கத் தொடங்கினார். அந்த வேலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அவரிடம் பணமில்லை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகப் பகலில் வேலை. இரவு முழுவதும் வண்டியோடு பொருதிவிட்டு, உறக்கமின்றியே மறுநாட் காலையில் வேலைக்குச் செல்வது பல நாள் வழக்கம். வேண்டிய உறுப்பை விலைக்கு வாங்க இயலாதபோது, உலோகத்தை உருக்கிப் பழைய தகரப் பேணிகளில் வார்த்துத் தாமே செய்துகொண்டார். பிஸ்டனையும் பறப்புச் சில்லையும் இணைக்கும் தண்டுகளை, உழவு இயந்திரமொன்றின் அச்சிலிருந்து கையால் அராவி எடுத்தார். நுண்ணளவு காண மைக்ரோமீற்றருக்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது பழைய சில்லொன்றின் கம்பி. இவ்வாறு சிறிது சிறிதாக மாறி, அந்த இயந்திரத்தின் கொள்ளளவு ஈற்றில் 950 கன சென்ரிமீற்றராயிற்று.

பிஸ்டனை வார்த்தெடுப்பது குழந்தை மண்ணில் பலகாரம் செய்வது போன்றதன்று. விஞ்ஞான மாணவர்கள் இதனைச் சற்று நின்று சிந்தித்தல் நலம். எமது பாடநூல்கள் முசலம் என்று கூறும் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனதாகவும், அது ஓடும் உருளை இரும்பால் ஆனதாகவும் கொள்வோம். சூடேறும்போது இரண்டும் விரியும். ஆனால் ஒரே அளவில் விரியமாட்டா. 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலுமினியம் 200 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் விரியும். இரும்பு அதிற் பாதியளவே விரியும். எனவே குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையே விடும் இடைவெளி மிகக் குறைந்தால், ஓட்டத்தின் நடுவில் பிஸ்டன் உருளையோடு இறுகிப்போகும். மிகக் கூடினால் எரிந்த வாயு பக்கமாகக் கசிந்து வலு வீணாகும். இந்த மயிரிழைக் கணக்கைச் சில்லுக் கம்பியும் விரல் நுனியும் கொண்டு ஒருவர் கண்டறிந்தார் என்றால், எத்தனை பிஸ்டன்கள் உடைந்து தட்டுக்குப் போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மன்றோ செய்த மாற்றங்களுள் தலையாயது வால்வுகளைப் பற்றியது. 1920 இன் ஸ்கவுட் வண்டியில் வால்வுகள் உருளையின் பக்கத்தே அமைந்திருந்தன. எளிய அமைப்பு, பழுதுபார்ப்பதற்கும் இலகு. ஆயினும் பெற்றோலும் காற்றுங் கலந்த கலவை வளைந்து திரும்பி உள்ளே வரவேண்டும். எரியும் அறையும் பக்கமாக அகன்றிருப்பதால் கலவையை மிக நெருக்க இயலாது. நெருக்கல் குறைந்தால் வலுவும் குறையும். மன்றோ அந்த வால்வுகளை உருளையின் தலைக்கு மேலே கொண்டு சென்று அமைத்தார். புதிய தலை, புதிய தண்டுகள், புதிய உருளைகள் ஆகிய அனைத்தும் அக்கொட்டிலிலேயே உருவாயின.

இயந்திரம் வலுப்பெற்றதும் அடுத்த பகைவன் எதிர்ப்பட்டான், அவன் காற்று. வண்டியின் வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். மணிக்கு 55 மைல் ஓடிய வண்டி 184 மைல் ஓட வேண்டுமாயின், தடை ஏறக்குறைய 11 மடங்கும், வேண்டிய வலு ஏறக்குறைய 37 மடங்கும் ஆகும். எந்தக் கொட்டிலிலும் ஒரு பழைய இயந்திரத்திலிருந்து 37 மடங்கு வலுவைக் கறந்தெடுத்தல் அரிது. ஆதலின் மன்றோ காற்றைப் பிளந்து வழுவிச் செல்லும் மீன் வடிவான கவசமொன்றை அமைத்து, வண்டியையும் தம்மையும் அதனுள் அடக்கிக்கொண்டார். வலுவைக் கூட்டுவதோடு தடையைக் குறைப்பதும் அறிவு என்பதை அவர் கண்டுகொண்டார்.

இத்தகைய வேகத்தை ஓடிப் பார்க்க அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே பொன்னவில் என்னும் உப்புவெளி உண்டு. பண்டைய பேரேரியொன்று வற்றி, அதன் உப்பு இறுகி, வெண்ணிறத் தரையாக மைல்கணக்கில் பரந்திருக்கும் இடம் அது. அங்கே சாதனை பதிவதற்கு ஒரு திசையில் ஓடினால் மட்டும் போதாது. திரும்பி எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். இரண்டினதும் சராசரியே கணக்கில் எடுக்கப்படும். காற்றின் உதவியால் எவரும் பெயர் பெறக்கூடாது என்பதே அதன் கருத்து. மன்றோ பத்து முறை அங்கு சென்றார். முதன்முறை பார்ப்பதற்கு, ஏனைய ஒன்பது முறை ஓடுவதற்கு. 1962, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் தமது வண்டியின் பிரிவில் உலக சாதனைகளை நிலைநாட்டினார். 1967 இல் அவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. அதனை ஆக்கிய ஸ்பிறிங்பீல்ட் தொழிற்சாலையோ 1953 இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பிள்ளையைப் பெற்ற வீடு மூடப்பட்டு 14 ஆண்டுகளின் பின் அப்பிள்ளை உலகை வென்றது என்று கூறலாம்.

இப்போது அந்தத் தட்டுக்குத் திரும்புவோம். எமது மாணவர்கள் ஆய்வுகூடத்தில் பரிசோதனை செய்கின்றனர். விடை சரியாக வராவிட்டால் என்ன செய்கின்றனர்? அருகிலிருப்பவன் கொப்பியைப் பார்த்து, வரவேண்டிய எண்ணை எழுதிவிடுகின்றனர். பிழைத்த அளவீடு கடதாசியோடு குப்பைக்குப் போகின்றது. அது ஏன் பிழைத்தது என்ற அறிவும் உடன் போகின்றது. மன்றோ உடைந்த பிஸ்டனை எறிந்திருந்தால் அடுத்த பிஸ்டனும் அதே இடத்தில் உடைந்திருக்கும். கண்ணெதிரே வைத்திருந்தபடியால், உலோகம் எங்கே மெலிந்தது, எங்கே உருகியது என்பதை ஒவ்வொரு நாளும் அது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. தோல்வியை மறைப்பவன் அதனை மீண்டும் விலைகொடுத்து வாங்குகிறான். அடுக்கி வைப்பவன் ஒருமுறையே வாங்குகிறான்.

ஆயினும், இது குடும்பங்கள் வாசிக்கும் பக்கம். ஆதலின் அத்தட்டில் இடம்பெறாத இழப்பொன்றையும் நாம் மறைத்தல் முறையன்று. இரவெல்லாம் கொட்டிலில் கழிக்கும் ஒருவருக்கு வீட்டில் எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கும்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவரது இல்வாழ்க்கை மணமுறிவில் முடிந்தது. அதன்பின் வேலையையும் விட்டு, வண்டியிருந்த கொட்டிலிலேயே குடியேறினார். ஒரு குடும்பம் பிரிவதற்குரிய காரணங்களை வெளியிலிருந்து எவரும் அளந்து கூறவியலாது, நாமும் கூறமாட்டோம். ஆனால் ஒரே பொருளில் உயிரை வைப்பவன் அருகிலிருப்பவர்களின் பங்கையும் அதில் செலவிட்டுவிடக்கூடும் என்பதை, அவரைப் போற்றும்போதே நினைவில் வைத்தல் வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக மனத்தைத் தொடும் செய்தியொன்று உண்டு. மன்றோ 1978 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆந் திகதி காலமானார். 1967 இல் அவருக்குப் பதியப்பட்ட சராசரி வேகம் மணிக்கு 183.586 மைல். பல ஆண்டுகளின் பின், பழைய பதிவைப் பார்த்த அவருடைய மகன், சராசரி கணித்ததில் பிழையிருப்பதைக் கண்டார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அதனை ஏற்று, 2014 இல் 184.087 மைல் எனத் திருத்தியது. தந்தை இறந்து 36 ஆண்டுகளின் பின், அவருக்குச் சேரவேண்டிய அரை மைலை மகன் மீட்டுக் கொடுத்தார். அன்பு சில வேளைகளில் எண்கணிதமாகவும் வெளிப்படும்.

பழைய வண்டியை வீட்டிலேயே மாற்றியமைக்கும் வித்தை எம்மவர்க்கும் அந்நியமன்று. 1990 இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளானபோது, மோட்டார் சைக்கிள்களும், ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். நெருக்கல் குறைந்த பழைய இயந்திரங்களாக இருந்தமையால் அக்கார்கள் அந்த எரிபொருளைத் தாங்கின. மன்றோவுக்கு ஆசை ஆசானாக இருந்தது. எம்மவர்க்கு இடர் ஆசானாயிற்று. இருசாராரும் செய்தது ஒன்றே: கையிலிருப்பதை நன்கு அறிந்து, அதனிடம் ஆகக்கூடியதைப் பெற்றனர்.

இன்று எமது வீதிகளில் வேறொரு வகை மாற்றத்தையும் காண்கின்றோம். சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புவதும், கைபிடியை வளைத்துப் படம் எடுப்பதும் சில இளைஞர்க்குப் பெருமையாகத் தோன்றுகின்றன. ஓசை கூடுவதால் வலு கூடிவிடாது. வலு கூடினும், வண்டியை நிறுத்தும் ஆற்றலும் கூடவே வளர்ந்ததா என்று கேட்கவேண்டும். வேகம் இருமடங்கானால், நிறுத்தும்போது தடுப்புகள் உறிஞ்ச வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 1967 இல் ஓர் ஓட்டத்தில் மன்றோவின் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைத் தணிக்க அவர் நிமிர்ந்தபோது, காற்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. கண் தெரியாத நிலையில் வண்டியைச் சாய்த்துச் சிறு காயங்களோடு தப்பினார். சுற்றிலும் வெறும் உப்புவெளி இருந்தமையால் அது வேடிக்கைக் கதையாக முடிந்தது. எமது ஒழுங்கைகளில் உப்புவெளி இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் இருக்கின்றனர். தட்டிலே வைக்கக்கூடியவை உடைந்த இரும்புகள் மட்டுமே. உடைந்த எலும்புகள் அல்ல.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. உங்கள் மகனோ மகளோ பழைய சைக்கிளையோ, ஓடாத நீரிறைக்கும் இயந்திரத்தையோ கழற்றத் தொடங்கினால், ‘படிப்பைக் கெடுக்கிறாய்’ என்று கண்டிக்க விரையாதீர்கள். கொட்டிலில் ஒரு மூலையையும், இரண்டு சாவிகளையும், சுவரில் ஒரு தட்டையும் கொடுங்கள். இத்தனை மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது, வீட்டாரோடு இருந்து உண்ணவேண்டும் என்ற கட்டளையையும் உடன் இடுங்கள். எந்த உறுப்பு உடைந்தாலும் எறியவிடாது அத்தட்டில் வைக்கச் சொல்லி, அது ஏன் உடைந்தது என்று ஒரு வரி எழுதிப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எழுத முடியவில்லையாயின், இன்னும் ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும்.