எழுதிக் கேட்ட விடுமுறை

மே மாதம் பிறந்தால் வில்லியனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்சியை நாம் தவறாமல் காண்கிறோம். ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாய்த் தாய் தன் பிறந்தகம் புறப்படுகிறாள். தந்தை வழியனுப்ப மட்டும் வந்தவர். பேருந்து நகர்ந்ததும் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையை நோக்கி விரைகிறார். உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் வரும் நம் லூர்து அன்னையின் ஆண்டுப் பெருவிழாவிலும் பல குடும்பங்களின் நிலை இதுதான்.

"கேட்டேன், கொடுக்கவில்லை" என்பார்கள். எவரிடம், எப்படிக் கேட்டார்கள்? மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாக. அவர் தலையை அசைத்ததோடு கதை முடிந்தது. அதற்குச் சாட்சியும் இல்லை, தாளும் இல்லை.

சம்பளத்தோடு கூடிய விடுமுறை எவரும் இரங்கி இடும் பிச்சை அன்று. 1936 ஜூனில் பிரான்சு நாடு தன் தொழிலாளர்க்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அதே கொடியின் கீழிருந்த புதுச்சேரியிலோ, அடுத்த மாதம் 30-ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எட்டு மணி நேர வேலைக்கான ஆணை 1937-இல்தான் வந்தது. அந்த ஆலைகள் இன்று மூடிக் கிடக்கின்றன.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுமுறை அளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்துள்ளது. பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு: முறைப்படி விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுமுறை அழிவதில்லை. முப்பது நாள் என்னும் வரம்பின்றி அது அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். ஆனால் விண்ணப்பித்ததற்குத் தாள் வேண்டுமே! பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுப்பதும், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிய படியொன்றை வீட்டில் வைப்பதும் நல்லது. ஒரே பிரிவினர் அனைவரும் மே முதல் வாரத்தையே கேட்டால் முதலாளிக்கும் சங்கடந்தான். தமக்குள் முறை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் கடினம். ஒப்பந்தக்காரர் மாறினால் நாள் கணக்கும் கலைந்துபோகிறது. ஆகவே வேலை நாள்களைத் தாமே ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும்.

பாகூர் வயல்களில் நடவும் களையும் எடுப்போர்க்கு இந்தக் கணக்கே இல்லை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. நம் இல்லங்களில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் அவ்வாறே. விடுமுறைக்கு உறவினர் வந்து நிறையும் மே மாதத்தில்தான் அவளை ஒரு நாளும் நிற்க விடுவதில்லை. இதைப் படிக்கும் இல்லத்தலைவிகள் சினங்கொள்ள வேண்டா. எம் வீட்டிலும் இதுவே நடந்தது. இவ்வாண்டு ஊருக்குப் போகச் சம்பளத்தோடு நான்கு நாள் தருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறோம். எந்த நான்கு நாள் என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.