செம்மையே வீரம்

மூன்றரை மீட்டர் நீளமுள்ள இரு இணைக்கம்பிகள். அவற்றின்மேல் தலைகீழாய் நிற்கும் வீரர். சீருடற்பயிற்சியில் 2006ஆம் ஆண்டுமுதல் வித்தையின் கடினத்திற்கும் செய்முறையின் செம்மைக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கப்படுகிறது. செம்மைக்கு உச்சவரம்பு பத்து, கடினத்திற்கோ வரம்பில்லை. எனவே, கைவராத வித்தையையும் அரங்கேற்றும் ஆசை எழுகிறது.

அத்துணிவே வீரம் என்பாரும் உளர். துணிந்தவர் இன்றேல் கலை வளராது என்பது மெய்யே. ஆயினும், தவறி வீழ்ந்தால் ஒரு முழு மதிப்பெண் போகும், தோளும் முறியக்கூடும். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இக்கருவியில் தங்கம் வென்ற சீன வீரர் ஸோ ஜிங்யுவான், கடினத்தைக் கைவிடாமலே செம்மையால் சிறந்தவர். துணிவுக்கு இடம் பயிற்சிக்கூடம். மேடைக்கு உரியது கைவந்த கலையே. அது கோழைமையன்று, உடலுக்குச் செய்யும் அறம்.