கூலி வாக்கைக் காத்தவருக்கே விருது

நேர்மையாகத் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கு விருது கொடுத்துப் பாராட்ட வேண்டும் என்ற பேச்சு தொழில் துறை மேடைகளில் அடிக்கடி எழுகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், நேர்மையை எதைக் கொண்டு அளப்பது? சூலூர் வட்டத்தில் அதற்கான அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் தறி ஓட்டுகிறவர்களுக்கு, ஒப்புக்கொண்ட கூலி ஒப்புக்கொண்டபடி போய்ச் சேர்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். விசைத்தறியாளர் அதைக் காடாத் துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். எட்டோ பத்தோ தறி வைத்திருப்பவர் பேருக்குத்தான் முதலாளி. கணவர் தறியைப் பார்க்க, மனைவி தார் சுற்றுவார். ஆள் சம்பளம், உதிரிப் பாகம், வங்கித் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் அந்தக் கூலிக்குள்தான் அடங்க வேண்டும்.

அந்தக் கூலிக்காக இவர்கள் நடத்திய போராட்டம் ஒன்றிரண்டல்ல. 2021 நவம்பரில் அரசு முன்னின்று நடத்திய பேச்சில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. கடைசியில் 19, 15 சதவீதத்துக்கு இறங்கி வந்துதான் உடன்பாடு ஏற்பட்டது. 2025 மார்ச்சில் மறுபடியும் வேலைநிறுத்தம். கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம் வரை போய், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகு 15, 10 சதவீத உயர்வு முடிவானது. பேசி முடித்த கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதே விசைத்தறியாளர்களின் நெடுநாள் கோரிக்கை. பேசிய கூலியைப் பெறவே மறுபடி போராட வேண்டியிருக்கும்போது, வேறென்ன கேட்பார்கள்?

கொங்கு மண்டலத்தில் கொடைக்குப் பஞ்சமில்லை. 1926இல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கிய மண் இது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்வதற்கு வெகு காலம் முன்பே இங்கே பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. அந்தப் பெருமை குறையப்போவதில்லை. ஆனால், கொடை என்பது லாபம் வந்த பிறகு செய்வது. லாபம் எந்த வழியில் வந்தது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

ஆள் தெரியாமல் கொடுத்த விருதுகள் என்ன ஆயின என்பதும் நினைவிருக்கட்டும். நல்ல நிர்வாகத்துக்காக 2008இல் ‘கோல்டன் பீகாக்’ விருது வாங்கியது சத்யம் நிறுவனம். சில மாதங்களில், 2009 ஜனவரியில், அதன் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலை 2012 ஆகஸ்டில் சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் பெற்றது. அடுத்த மாதமே அங்கு தீப்பிடித்து 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். நிறுவனம் நீட்டிய காகிதத்தைப் பார்த்தவர்கள், அங்கே வேலை செய்கிறவர்களின் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை.

நூல் விலை நிலையில்லை, வடமாநில வியாபாரிகள் பணத்தை இழுத்தடிக்கிறார்கள் என்கிறார்கள் ஜவுளி உற்பத்தியாளர்கள். அது பொய்யல்ல. அத்தனை நெருக்கடியிலும் பேசிய கூலியைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது என்ன? குறைத்துக் கொடுக்கிறவர் துணியை மலிவாக விற்கிறார். சொன்ன சொல் தவறாதவர் சந்தையில் தோற்கிறார். இந்த அநியாயத்தைச் சரிசெய்வதாக இருந்தால்தான் விருதுக்குப் பொருள் உண்டு.

எனவே மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்குள் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டாம். விசைத்தறியாளர் சங்கங்களும் தொழிலாளர் துறையும் கூலிக் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்லட்டும். ஒப்பந்தக் கூலி கொடுக்கப்பட்டதா, சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதிக்கப்பட்டதா, வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்டப்பட்டனவா என்ற மூன்று கேள்விகள் போதும். பட்டியலில் இருப்பவருக்கு அரசுக் கொள்முதலிலும் வட்டி மானியத்திலும் முன்னுரிமை வேண்டும். வாக்குத் தவறினால் பெயரை நீக்கி, அதையும் அறிவிக்க வேண்டும்.

தனியார் விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கூலி குறைந்தால், நெசவாளருக்கென்று கொடுத்த அந்தச் சலுகை துணி வாங்குகிறவர் கணக்கில் லாபமாகப் போய்ச் சேர்கிறது. மக்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க அரசுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

இந்தப் பட்டியல் சட்டத்துக்கு மாற்றாகிவிடக் கூடாது. கூலி ஒப்பந்தத்துக்குச் சட்ட வலிமை தருவதை அரசு இனியும் தள்ளிப்போட நியாயமில்லை. அது வரும்வரை, தொழில் அமைப்புகள் கேடயம் வழங்குமுன், அதைப் பெறப்போகிறவர் தறிக்காரருக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறாரா என்று விசாரிக்கட்டும். பாக்கி இருந்தால் மேடைக்கு அழைக்க வேண்டாம்.