எது சிறு வழக்கு?

சபைக்குள் ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானால், காவல் நிலையம் செல்ல முனையும் பெற்றோரிடம் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை எடுத்து நீட்டுவோர் உளர். சகோதரன்மீது வழக்கா, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்பர். இவர்களது வாசிப்பு 7ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. 8ஆம் வசனத்தில் பவுலின் சினம் அநியாயம் செய்தவர்கள்மீதே பாய்கிறது.

அவர் பேசும் வழக்குகள்தாம் எவை? கிரேக்க மூலத்தில் 'பியோட்டிக்கா', அதாவது அன்றாடப் பிழைப்புக்குரியவை. 2ஆம் வசனம் அவற்றை மிகச் சிறியவை என்கிறது. குழந்தையின் உடல்மீதான வன்முறையை அச்சொல்லுக்குள் திணிக்க எந்த அகராதி இடந்தரும்? தீமை செய்வோரைத் தண்டிக்கவே அரசதிகாரம் என்று ரோமர் 13இல் எழுதியவரும் இதே பவுல்தான்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. தெரிவியாமை 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. போதகருக்கும் மூப்பருக்கும் அதில் விலக்கில்லை.