டாபிக் ரெடி... கேள்வி எங்கே பாஸ்?

ஃபைனல் இயர் மக்களே, ப்ராஜெக்ட் டாபிக் கொடுத்தாச்சா? ‘மழைநீர் சேகரிப்பு - ஓர் ஆய்வு’ என்று எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாகக் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஸாரி. உங்கள் கையில் இருப்பது வெறும் அட்டை. உள்ளே போட இன்னும் ஒன்றும் இல்லை.

இப்படியே விட்டால் உள்ளே என்ன வரும் என்று இப்பவே சொல்லிடலாம். முதல் பக்கத்தில் ஒரு திருக்குறள். நடுவில் சீனியர் பைண்டிங்கிலிருந்து இறக்கிய நாற்பது பக்கம். கடைசியில், ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்’. ஹெல்மெட், ரத்ததானம், பிளாஸ்டிக், எதை எடுத்தாலும் இதே முடிவுதான். விழிப்புணர்வு பாவம், அதையும் கொஞ்சம் தூங்க விடுங்க!

சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து நொடியில் பத்து டாபிக் கொட்டும். பக்கத்து பெஞ்சுக்கும் கிட்டத்தட்ட அதே பத்துதான். ஆனால் வைவாவுக்கு வருகிற எக்ஸாமினர், ‘இதுல நீ என்னம்மா கண்டுபிடிச்சே?’ என்று கேட்பாரே, அப்போ யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். நாளைக்கு இன்டர்வியூவிலும் உங்கள் ரெஸ்யூமில் ‘ப்ராஜெக்ட்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்பார்கள்.

சரி, மழைநீரையே எடுத்துக்குவோம். அந்த டாபிக்கிடம் பதில் தெரியாத ஒரு கேள்வி கேளுங்க. ‘மழைநீர் சேகரிப்பு அவசியமா?’ என்று ஆரம்பிக்காதீங்க. ஆமாம் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த பதிலுக்கு எதுக்கு மூணு மாசம்?

‘எப்போ?’ என்று கேட்டுப் பாருங்க. 2003-ல் தமிழ்நாட்டில் புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. வீட்டுக்கு வீடு குழி வெட்டினார்கள். அப்புறம் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் காய்ந்துபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இப்போ உங்களுக்கே ஒன்று உறுத்துமே. வெட்டின குழியெல்லாம் என்ன ஆச்சு?

பார்த்தீங்களா, உறுத்தல் வந்தாச்சு. இதைத்தான் தேடினோம்.

அடுத்து ‘எங்கே?’. திருவான்மியூர், சாந்தோம் பக்கம் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். வேளச்சேரி, கிண்டியில் பாறை. ஒரே மாதிரிக் குழி மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? சிவில், ஜியாலஜி பசங்களுக்கு இது போதும். அள்ளிக்கிட்டுப் போங்க.

சோஷியல் வொர்க், சோஷியாலஜி ஆட்களுக்கு ‘யார்?’தான் ருசியான கேள்வி. குழியில் கூழாங்கல், மணல் எல்லாம் போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் சேறு சேர்ந்து அடைச்சுக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி யாராவது தூர் வாரணும். அந்த யாராவது யார்? வீட்டு ஓனரா? வாடகைக்கு இருக்கிறவரா? ஃப்ளாட் என்றால் அசோசியேஷனா, வாட்ச்மேனா? வாடகைக்கு இருக்கிறவருக்கு அங்கே குழி இருப்பதாவது தெரியுமா?

‘இவ்வளவு சின்னக் கேள்வியா? கைடு சிரிக்கமாட்டாரா?’ என்று கேட்கிறீர்கள். சிரிக்கமாட்டார். சின்னக் கேள்வியின் பவர் தெரியணும்னா 1854-ம் வருஷத்து லண்டனுக்குப் போகணும். அதுவும் தண்ணீர்க் கதைதான்.

அப்போது லண்டனில் காலரா ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகப்பட்டவர் ஜான் ஸ்நோ என்ற டாக்டர். ‘காலரா எப்படிப் பரவுகிறது?’ என்ற மெகா கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தால் இன்னொரு வாதம்தான் மிஞ்சியிருக்கும். அவர் கேட்டது என்ன தெரியுமா? ‘இந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருது?’

தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-ல் நகரத்துச் சாக்கடை கலக்காத மேல்பக்கத்துக்குப் போய்த் தேம்ஸ் நதியிலிருந்து தண்ணீர் எடுக்க ஆரம்பித்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி, சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. அதே தெரு, அதே காற்று, தண்ணீர் மட்டும் வேற. ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். பெரிய சிக்கல் என்னவென்றால், குடியிருந்த பலருக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்றே தெரியவில்லை. பணம் கட்டுவது ஓனர் ஆச்சே! (நம்ம வாடகை வீட்டுக் கதை ஞாபகம் வருதா?) அவர் விட்டாரா? தண்ணீரைப் பிடித்து, அதில் எவ்வளவு உப்பு என்று ரசாயன டெஸ்ட் செய்து கம்பெனியைக் கண்டுபிடித்தார். இரண்டு கம்பெனித் தண்ணீரிலும் உப்பின் அளவு அவ்வளவு வித்தியாசம்.

கடைசியில் வந்த கணக்கு: 10,000 வீடுகளுக்கு, சவுத்வார்க் கம்பெனி வீடுகளில் 315 சாவு. லாம்பெத் வீடுகளில் 37.

அதே வருஷம் பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு அடிபம்பைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகச் சாவு விழுந்தபோது, ‘யார் செத்தார்கள்?’ என்பதோடு அவர் நிற்கவில்லை. ‘பக்கத்திலேயே இருந்தும் தப்பித்தவர் யார்?’ என்றும் கேட்டார். அருகில் இருந்த பீர் தொழிற்சாலை ஆட்கள் தப்பித்திருந்தார்கள். அவர்கள் அந்த பம்ப் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை! உங்க டாபிக்கிலும் இந்த ‘தப்பித்தவர் யார்?’ கேள்வியைப் போட்டுப் பாருங்க. தெருவில் எல்லாக் குழியும் தூர்ந்துபோய், ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஜம்முனு வேலை செய்தால், உங்க ப்ராஜெக்ட்டின் ஹீரோ அந்த வீடுதான்.

இப்போ நம்ம கேள்வியைத் திரும்ப எழுதிப் பார்ப்போமா? ‘திருவான்மியூரில் இந்த மூன்று தெருக்களில் உள்ள அடுக்குமாடிகளில், மழைநீர்க் குழியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது? ஓனர்களே குடியிருக்கும் கட்டடத்துக்கும் வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கும் இதில் வித்தியாசம் உண்டா?’ நீளமா இருக்குதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எங்கே போகணும், யாரைக் கேட்கணும் என்று தெரிந்துவிட்டது இல்லையா? முக்கியமா, பதில் எந்தப் பக்கமும் போகலாம். வித்தியாசம் இல்லை என்று வந்தாலும் அதுவும் ஒரு கண்டுபிடிப்பு. ‘பராமரிப்பின்மைக்கு விழிப்புணர்வு இல்லாததே காரணமா?’ என்று கேட்டிருந்தால், பதிலை நீங்களே கேள்விக்குள் ஒளித்து வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேள்வித்தாள் தயாரிக்கும்போதும் இதே கதைதான். ‘மழைநீர் சேகரிப்பை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் ஆமாம் என்பார்கள். அதை வைத்து ஒரு கலர் பை-சார்ட் போடலாம், அவ்வளவுதான். ‘கடைசியா எப்போ அந்தக் குழி மூடியைத் திறந்தீங்க?’ என்று கேளுங்க. ஒரு நிமிஷம் யோசிப்பார்கள் பாருங்க, உங்களுக்கு வேண்டியது அந்த யோசனைக்கு அப்புறம் வர்ற பதில். முடிந்தால் ‘பார்க்கலாமா அங்கிள்?’ என்று கேட்டு நீங்களும் எட்டிப் பாருங்க.

கைடிடம் போகும்போது, ‘மேடம், இந்த டாபிக் ஓகேவா?’ என்று நிற்க வேண்டாம். அவங்களும் பாவம், ஓகே என்றுதான் சொல்வாங்க. மூணு கேள்வி எழுதிக்கொண்டு போய், ‘மேடம், இதுல எதுக்கு எங்களால மூணு மாசத்துல பதில் கண்டுபிடிக்க முடியும்?’ என்று கேளுங்க. பேச்சே மாறிடும். ஒன்றை அவர் அடிப்பார், இன்னொன்றை இன்னும் குறுக்குவார், மூன்று தெரு ஒரு தெருவாகும். ஆகட்டும், விடுங்க. நடக்கப்போவது உங்க கால்தானே!

ஃபீல்டுக்குப் போகும்போது ஐ.டி. கார்டும் டிபார்ட்மென்ட் லெட்டரும் மறக்காதீங்க. கேட்டுக்குள் நுழைந்ததும் நேரே அசோசியேஷன் செகரட்டரி வீட்டு காலிங்பெல்லை அமுக்க வேண்டாம். முதலில் வாட்ச்மேன் அண்ணனிடம் பேசுங்க. குழி எங்கே இருக்கிறது, அதன் மேல் யார் காரை நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.