காரில் தண்ணீர் நுழைவது தப்பில்லை... தங்குவதுதான் தப்பு!

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள், பழைய காரின் கதவைத் திறந்தால் ஒரு வாடை வரும். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வாடை. பல வீடுகளில் இதற்குச் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். மேட்டை எடுத்து மொட்டைமாடியில் காயப்போடுவார்கள். டாஷ்போர்டில் ஒரு வாசனை டப்பாவை வைப்பார்கள். இரண்டு நாளில் வாடை குறைந்துவிடும். தண்ணீர் அங்கேயேதான் இருக்கும்.

மேட்டுக்குக் கீழே கார்ப்பெட், அதற்குக் கீழே தடிமனான பஞ்சு, அதற்கும் கீழே தரைத்தகடு. பஞ்சு குடித்த தண்ணீர் வாரக்கணக்கில் காயாது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே, காலுக்கடியில் தகடு அரிக்கத் தொடங்கியிருக்கும்.

இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. கூடவே உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். உப்புக்காற்று இரும்பை என்ன பாடுபடுத்தும் என்பதற்குப் பாம்பனே சாட்சி. 1914-ல் திறந்த ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பராமரித்தும், 2022 டிசம்பரில் அதில் ரயில்களை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடற்கரை ஊர்களில் நிற்கும் கார்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

மொட்டைமாடிக் கணக்கு

கார் என்றால் தண்ணீர் உள்ளே புகாத டப்பா என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கார் அப்படித் தயாரிக்கப்படுவதில்லை. மொட்டைமாடியில் மழை விழுவதை யாரும் தடுப்பதில்லை. வடிய ஒரு குழாய் வைக்கிறோம். அதில் இலை அடைத்தால் தண்ணீர் தேங்கி, கீழே அறையின் கூரையில் ஓதம் இறங்குகிறது. காரிலும் அதே கணக்குதான்.

கதவுக் கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி, ரப்பர் பட்டையைத் தாண்டி கதவின் உள்ளேயே இறங்கும். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியே வடிய வேண்டும். புழுதி சேர்ந்து அந்தத் துளைகள் அடைபட்டால், கதவே தொட்டியாகிவிடும். கதவை ஆட்டும்போது 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். பழைய கார்களில் கதவின் அடிப்பகுதி முதலில் துருப்பிடிப்பது இதனால்தான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'தண்ணீர் எங்கே நுழைகிறது?' என்பது மட்டுமல்ல. 'எங்கே வடியாமல் நிற்கிறது?' என்பதும்தான்.

எந்த ஈரம், எங்கிருந்து?

தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. கண்ணாடியின் மேல் மூலையில் புகுந்த நீர், தூணின் உள்ளே இறங்கி, பின் சீட்டின் காலடியில் போய்த் தேங்கலாம். இருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு.

முன்பக்கக் காலடியில் ஈரம், அதுவும் மழைக்குப் பிறகு மட்டும் என்றால், வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும். வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தும் கார்களில் இலையும் பூவும் சேர்ந்து அங்குள்ள வடிகாலை அடைத்துவிடும். நிரம்பிய தண்ணீர், ஏ.சி-க்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கும்.

மழையே இல்லாத சித்திரை வெயிலில் அதே இடம் நனைந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது நல்ல அறிகுறி. அது நின்றுபோனால்தான் கவலை. அந்த ஈரம் நிறமாகவும், பிசுபிசுப்பாகவும், இனிப்பு வாடையோடும் இருந்தால் அது கூலன்ட். உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். தள்ளிப்போட்டால் இன்ஜின் சூடேறிவிடும்.

புது ஸ்பீக்கர் மாட்டிய பிறகு கதவோரம் ஈரம் வருகிறதா? கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டப்பட்டிருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் சீட் பக்கம் வராமல் தடுப்பது அதுதான். அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது உண்டு.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால், பின்விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரோ, டிக்கிக் கதவின் பீடிங்கோ தளர்ந்திருக்கும். சன்ரூஃப் உள்ள காரில், அதன் மூலைகளிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்கள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பேர், ஒரு ஹோஸ்

ஒழுகலைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தில், உள்பக்கம் லேசாக முகப்பவுடர் தூவி வைக்க வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் தோட்டத்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்ப் வேண்டாம். அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரும் ஒழுகும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நிதானிக்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த ஓட்டை என்றே தெரியாமல் போய்விடும். பவுடரில் விழும் ஈரக்கோடு, வழியைக் காட்டிக் கொடுக்கும்.

ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சைக் காயவைக்க வேண்டும். சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். முன்சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்கள் ஓடும் கார்கள் உண்டு. ஈரம் அந்த இணைப்புகளையும் அரிக்கும். காரணம் தெரியாமல் எரியும் ஏர்பேக் விளக்குக்குச் சில சமயம் இதுவே காரணம்.

கொப்புளம் சொல்லும் கதை

பெயின்டில் சிறு கொப்புளம் தெரிந்தால், துரு அப்போதுதான் தொடங்குகிறது என்று எண்ணக் கூடாது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் அது பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. கொப்புளம் என்பது பெரும்பாலும் பின்பக்கம் அரித்து முடித்த துருவின் முகம்.

மேலோட்டமான துரு என்றால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசலாம். ஓட்டை விழுந்துவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் முறை. பட்டி வைத்து மூடுவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஈரமும் துருவும் இருக்கும் அடிப்பகுதியில் அப்படியே கறுப்பு கோட்டிங் அடிப்பது இன்னும் ஆபத்து. ஈரம் உள்ளே சிறைப்பட்டு, அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடரும்.

எல்லாத் துருவும் ஒன்றல்ல. பானெட் ஓரத்தில் இருப்பது அழகுப் பிரச்னை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறுக்கிய இடம், பிரேக் பைப் ஆகியவற்றில் இருப்பது உயிர்ப் பிரச்னை. மோதலின்போது குடும்பத்தைத் தாங்க வேண்டியவை இவைதான். ஜாக்கி வைக்கும்போது தகடு உள்ளே அமுங்கினால், ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குச் சொல்லி அனுப்புவதே நல்லது.

வாங்கும் முன், புதுப்பிக்கும் முன்

சேமிப்பை எல்லாம் போட்டுப் பழைய கார் வாங்குபவர்கள், பாட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். சீட் தண்டவாளத்துத் துருவும், ஸ்டெப்னிக் குழியில் படிந்த வண்டலும் அதையே சொல்லும். துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பார்க்கலாம். மற்ற இடத்தில் ஒட்டுவது அங்கே ஒட்டாவிட்டால், உள்ளே பட்டி கனமாக இருக்கிறது. முக்கியமாக, ஒரு பட்டறையில் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

சொந்த காரின் ஆர்.சி. 15 வருடங்களுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி, 5 வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். செலவு செய்து புதுப்பிக்கத் தகுந்த காரா என்பதை அடித்தகடுதான் முடிவு செய்யும். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அரித்துப்போன பாடியைச் சரிசெய்யும் செலவு, காரின் விலையையே தாண்டிவிடக்கூடும்.

இதையெல்லாம் தள்ளிப்போட, புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். வைப்பர் பள்ளத்து இலைகளை அள்ளிவிட வேண்டும். கதவின் அடித்துளைகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிட வேண்டும்; இரும்புக் கம்பி பெயின்டைக் கீறும். கடற்கரைக்குப் போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நனைந்த காரை, காற்றுப் புகாத கவர் போட்டு மூடக் கூடாது.

மழையை நிறுத்த யாராலும் முடியாது. வந்த தண்ணீர் போக வழியை மட்டும் திறந்து வைத்தால், பழைய கார் இன்னும் சில ஐப்பசிகளைத் தாங்கும்.