முதல் வளைவின் நியாயம்

பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைக்காடுகளின் நடுவே ஏறியும் இறங்கியும் செல்லும் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் பந்தயச் சாலையில், கார்கள் புறப்பட்டு வேகம் பிடிப்பதற்குள்ளாகவே, லா சூர்ஸ் என்னும் கொண்டை ஊசி வளைவு வலப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் இதைக் காட்டிலும் வேகமானவையும், ஓட்டுநரின் நெஞ்சுரத்தைச் சோதிப்பவையுமான வளைவுகள் பல இருந்தபோதிலும், பல கார்கள் ஒருங்கே சிக்கிச் சிதைந்த மோதல்கள் என்று ரசிகர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த மந்தமான முதல் வளைவிலோ, அதைவிட்டு வெளியேறும் சரிவிலோதான் நிகழ்ந்திருக்கின்றன. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கொட்டும் மழையில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஓட்டுநர் டேவிட் கூல்ட்ஹார்ட் அந்தச் சரிவில் நிதானம் தவறிச் சுழன்று சாலைக்குக் குறுக்கே வர, சக்கரங்கள் கிளப்பிய நீர்த்திவலைகளால் முன்னே இருப்பது இன்னதென்று தெரியாமல் பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக வந்து மோத, பதின்மூன்று கார்கள் ஒரு சில விநாடிகளில் உருக்குலைந்து போயின. பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடியும் தொடங்கப்பட்டபோது நால்வர் அதில் கலந்துகொள்ள இயலவில்லை.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி அதே வளைவில் நடந்ததோ மழையின்மேல் பழி போட இடமில்லாத காரியம். எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்ட ரொமேன் குரோஷான், தமக்கு வலப்பக்கத்தில் லூயிஸ் ஹாமில்டன் இன்னும் இணையாக வந்துகொண்டிருக்கிறார் என்பதைக் கருதாமல், அவரைத் தாண்டிவிட்டோம் என்ற எண்ணத்தில், சாலையின் விளிம்பை நோக்கித் தம் காரைச் சாய்த்துக்கொண்டே போனார். இருவருடைய சக்கரங்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, பிரேக்குக்குக் கட்டுப்படாத அவ்விரண்டு கார்களும் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்மீது பாய்ந்தன. குரோஷானின் லோட்டஸ் கார் மேலே எழும்பி, ஃபெராரியில் அமர்ந்திருந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவின் தலைக்கு மிகமிக அருகே கடந்து சென்றது. அன்றைய கார்களில் ஓட்டுநரின் சிரசு திறந்த வெளியில் இருந்தது என்பதை நினைவில் கொண்டு அந்தப் படக்காட்சியைப் பார்க்கிறவர்களுக்கு இன்றும் உடல் நடுங்கும். அந்தத் தொடக்க வரிசையின் கடைப்பகுதியில் நம் கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயனும் இருந்தார்.

இத்தகைய சம்பவங்களைப் பற்றிப் பேசும்போது, முதல் வளைவில் மோதல் சகஜம், அது பந்தயத்தின் சுபாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் வழக்கம் ரசிகர்களிடத்தில் மட்டுமல்லாமல், விதிகளை இயற்றுகிறவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. முதல் சுற்றில் நடக்கும் தவறுகளைச் சற்றுத் தாராளமாக மன்னிப்பது நெடுங்காலமாக நடுவர்கள் கைக்கொண்டு வரும் முறையாகும். இந்த முறை தவறானது, அபாயகரமானது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில், அந்த இடத்தின் கஷ்டத்தை உள்ளபடி ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் இடையே எட்டு மீட்டர் இடைவெளி விட்டு, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். ஆகவே, இருபது கார்கள் நின்றால், முதல் காருக்கும் கடைசிக் காருக்கும் நடுவே சுமார் 150 மீட்டரே இருக்கும். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடிக்குள் எட்டிவிடக்கூடிய இந்த யந்திரங்கள், பந்தயம் முழுமைக்கும் வேண்டிய எரிபொருளைச் சுமந்துகொண்டு, டயர்களும் பிரேக்குகளும் உரிய உஷ்ணத்தை அடையாத நிலையில், ஒரே சமயத்தில் ஒரே வளைவை நோக்கி விரைகின்றன. மற்றச் சுற்றுகளில் ஒருவர்பின் ஒருவராக ஒரே கோட்டில் செல்கிறவர்கள் இங்கே மூவர் நால்வராக வரிசை கட்டி வருகிறார்கள். வளைவோ இருவருக்குத்தான் இடம் கொடுக்கும். அதற்கும் மேலாக, காற்றைக் கிழித்துச் செல்லும் கார்கள் தமக்குப் பின்னால் கலங்கிய காற்றை விட்டுச் செல்வதால், பின்தொடரும் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் விசை குறைந்துபோய், எங்கே வழக்கமாகப் பிரேக்கை அழுத்துவாரோ அங்கே அழுத்தினாலும் கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. முன்னே செல்பவர் இலேசாக வேகத்தைக் குறைத்தால் அடுத்தவர் அதைவிட அதிகமாகக் குறைக்க வேண்டும். பத்தாவது ஆளை அடையும்போது அது ஏறக்குறைய நின்றேவிடும் கட்டாயமாகிவிடுகிறது. இவ்வளவையும் அறிந்துதான் அந்த ஓட்டுநர்கள் அங்கே அமர்கிறார்கள். உலகத்திலேயே ஏறக்குறைய இருபது பேருக்குத்தான் அந்த ஸ்தானம் கிடைக்கிறது. கஷ்டம் முன்கூட்டியே தெரிந்த இடத்தில் எச்சரிக்கையும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயமாகாது.

முதல் சில நூறு மீட்டரில் நேர்ந்த மோதல் எத்தகைய விபரீதத்தில் முடியும் என்பதை 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி இத்தாலியின் மோன்ஸா காட்டியது. பின்வரிசைக் கார்கள் தத்தம் இடத்துக்கு வந்து நிற்பதற்கு முன்பே தொடக்க விளக்கு பச்சையாக மாறிவிட்டதால், நகர்ந்துகொண்டிருந்தவர்கள் நின்று புறப்பட்டவர்களைவிட வேகமாக வந்து அவர்களை நெருக்க, அகலமான தொடக்கப் பாதை ஒடுங்கும் இடத்தில் கார்கள் திரண்டு மோதின. சுவீடன் நாட்டவரான ரோனி பீட்டர்சனின் லோட்டஸ் கார் தடுப்பில் மோதித் தீப்பற்றிக்கொண்டது. ஜேம்ஸ் ஹண்ட் முதலான சக ஓட்டுநர்கள் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் தீயின் அருகே சென்று அவரை வெளியே இழுத்தார்கள். கால்கள் நொறுங்கியிருந்தனவே ஒழிய அவருக்குப் பிரக்ஞை இருந்தது. ஆனால் அவருக்கு வைத்திய உதவி வந்து சேர நெடுநேரமாயிற்று. பந்தயங்களின் தலைமை வைத்தியரான சிட் வாட்கின்ஸையே அருகில் விடாமல் காவலர்கள் தடுத்தார்கள். முறிந்த எலும்புகளிலிருந்து கசிந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து அடைப்பை உண்டாக்க, மறுநாள் காலையில் பீட்டர்சன் காலமானார்.

அந்த மரணத்துக்குப் பிறகு வாட்கின்ஸ் பிடிவாதமாக ஒரு சீர்திருத்தத்தைக் கேட்டுப் பெற்றார். முதல் சுற்றில் கார்களின் பின்னாலேயே ஒரு வைத்தியர் தனிக் காரில் தொடர்ந்து செல்ல வேண்டும் என்பதே அது. அந்த ஏற்பாட்டின் பலனை 2020-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பஹ்ரைனில் உலகம் கண்டது. முதல் சுற்றில், மூன்றாவது வளைவைத் தாண்டியதும் வலப்பக்கம் சாய்ந்து இன்னொரு காரின்மேல் பட்டு, மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போய், இரண்டாகப் பிளந்து தீப்பிடித்த ஒரு காரிலிருந்து, கிட்டத்தட்ட அரை நிமிஷம் நெருப்புக்குள் இருந்தபின், ஓட்டுநர் தாமே எழுந்து வெளியே வந்தார். பின்தொடர்ந்து வந்த வைத்தியர் இயன் ராபர்ட்ஸ் அதற்குள் அங்கே நின்று அவரை ஏந்திக்கொண்டார். அந்த ஓட்டுநர், எட்டு ஆண்டுகளுக்கு முன் லா சூர்ஸ் வளைவில் அலோன்சோவின் தலைக்கருகே பறந்த அதே ரொமேன் குரோஷான்.

தலையைக் காக்கும் ஹேலோ என்னும் வளையம் 2018-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டபோது, அது காரின் அழகைக் கெடுக்கிறது, பந்தயத்தின் வீரத்தைக் குறைக்கிறது என்று முணுமுணுத்தவர்கள் அநேகர். குரோஷானும் அதை எதிர்த்தவர்களில் ஒருவர். அந்த ஆண்டே, மறுபடியும் லா சூர்ஸில், நிக்கோ ஹுல்கென்பெர்க் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி அலோன்சோவைப் பின்னாலிருந்து மோத, அலோன்சோவின் கார் இளைஞரான சார்ல் லெக்லேரின் தலைக்கு மேலே பறந்து சென்றது. லெக்லேரின் ஹேலோவின்மீது டயரின் கறுப்புத் தடம் பதிந்திருந்தது. அந்த வளையம் இல்லாதிருந்தால் முன்னிறக்கையின் ஓரத்தகடு அவருடைய முகக்கவசத்தில் மோதியிருக்கும் என்று சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் ஆராய்ச்சி பின்னர் தெரிவித்தது.

இவ்வாறு, உயிரைக் காக்கும் சாதனங்களில் இந்தப் பந்தயம் அடைந்திருக்கும் அபிவிருத்தி மெய்யாகவே போற்றத்தக்கது. ஆனால், தவறு செய்தவரை விசாரித்துத் தண்டிக்கும் முறையில் அந்த அபிவிருத்தி காணப்படவில்லை என்பதுதான் என் மனக்குறை. 2012-இல் குரோஷானுக்கு ஒரு பந்தயத் தடையும் 50,000 யூரோ அபராதமும் விதித்தார்கள். 1994-இல் மிக்கா ஹாக்கினனுக்கு விதிக்கப்பட்ட தடைக்குப் பிறகு நெடுங்காலம் கழித்து வந்த கடுமையான தீர்ப்பு அது. தண்டனையைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பற்றித்தான் ஆட்சேபம். பிறருக்குக் காயம் நேரக்கூடிய பெருந்தவறு என்று குறிப்பிட்ட நடுவர்கள், அதோடு நில்லாமல், சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் முன்னணியாளர்கள் பந்தயத்திலிருந்து வெளியேறும்படி ஆயிற்று என்பதையும் சேர்த்தார்கள். அப்படியானால், அதே சாய்வால் கடைசி வரிசையில் உள்ள இருவர் அடிபட்டிருந்தால் குற்றம் இலேசாகிவிடுமா? பட்டத்தை எண்ணிப் பார்த்தால் அன்றைய இழப்பு சாமானியமானதல்ல. அந்த ஆண்டின் முடிவில் அலோன்சோ 278 புள்ளிகளோடு நிற்க, 281 புள்ளிகள் பெற்ற செபாஸ்டியன் வெட்டல் பட்டத்தைக் கொண்டுபோனார். ஆயினும், அபாயத்துக்கு உள்ளானவரின் பட்டியல் ஸ்தானத்தைக் கொண்டு அபாயத்தின் அளவைத் தீர்மானிப்பது நியாயசாஸ்திரம் எதற்கும் ஒவ்வாது.

2018-இல் தாமதமாகப் பிரேக் போட்ட ஹுல்கென்பெர்க் அடுத்த பந்தயத்தில் பத்து இடங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். 2021-இல் ஹங்கேரியில், ஈரமான சாலையில், அதே தவறைச் செய்து, முதல் வளைவில் லாண்டோ நாரிஸை மோதி அவர் வழியாக மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் காரையும் சேதப்படுத்தி, செர்ஜியோ பெரஸையும் வெளியேற்றிய வால்டேரி போட்டாஸுக்கு ஐந்து இடங்களே குறைக்கப்பட்டன. ஈரத்துக்காகக் கொஞ்சம் சலுகை கொடுத்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஈரம் என்பது இன்னும் முன்னதாகப் பிரேக்கை அழுத்துவதற்குக் காரணமாக வேண்டுமேயன்றி, மன்னிப்புக்குக் காரணமாகக் கூடாது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது 1990-ஆம் ஆண்டு ஜப்பானின் சுஸூக்காவில் நடந்தது. முதல் இடத்தைப் பெற்றிருந்த அயர்ட்டன் சென்னா, அந்த இடம் சாலையின் தூசி படிந்த பக்கத்தில் இருப்பதால் மாற்றித் தரும்படி கேட்டார். அவருடைய வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. எதிர்பார்த்தபடியே, பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்ட அலென் புரோஸ்ட் முந்திக்கொள்ள, முதல் வளைவில் சென்னா சிறிதும் விட்டுக்கொடாமல் பாய்ந்து அவரை மோதினார். இருவரும் மணற்பரப்பில் போய் நின்றார்கள். புள்ளிக் கணக்குப்படி சென்னா உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு அதே ஊரில் அவர், புரோஸ்ட் முந்தினால் வளைவில் விட்டுக்கொடுப்பதில்லை என்று முன்னரே தீர்மானித்திருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். சென்னாவின் மேதாவிலாசத்தில் எனக்கு அளவற்ற பக்தி உண்டு. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் கற்பனையல்ல. இருந்தும், பின்னால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் பாய்ந்து வந்துகொண்டிருக்கும் ஓரிடத்தில், மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், வேண்டுமென்றே மோதிய ஒருவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை என்பது இந்த விளையாட்டின் சரித்திரத்தில் ஒரு களங்கமே.

அதற்கு நேர்மாறாக, மோன்ஸாவில் பீட்டர்சன் இறந்தபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். இளைஞரான ரிக்கார்டோ பட்ரேஸே என்பவரே காரணம் என்று மூத்த ஓட்டுநர்கள் சிலர் தாங்களாகவே முடிவு கட்டி, அடுத்து நடந்த அமெரிக்கப் பந்தயத்தில் அவர் கலந்துகொள்ளாதபடி தடுத்துவிட்டார்கள். துக்கமும் ஆத்திரமும் விசாரணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இத்தாலிய நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது 1981-இல்தான்.

எல்லா மோதலுக்கும் ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது என் வாதமல்ல. 2017-இல் சிங்கப்பூரில், இரவு மழைக்கிடையே, முன்னணியில் புறப்பட்ட வெட்டல் இடப்பக்கம் சாய, நடுவில் வெர்ஸ்டாப்பனும் அவருக்கு அப்பால் கிமி ரைக்கோனனும் வர, மூவரும் முதல் வளைவை அடைவதற்கு முன்பே ஒருவரையொருவர் தகர்த்துக்கொண்டார்கள். நடுவில் அகப்பட்டவருக்குப் போக்கிடம் இல்லை. வெட்டலுக்கோ வெர்ஸ்டாப்பனுக்கு அப்பால் மூன்றாவது ஒருவர் இருப்பதைக் காண வழி இருந்திருக்காது. எவர்மீதும் பிரதானமான குற்றம் இல்லை என்று அன்று நடுவர்கள் சொன்னது, சாட்சியங்களைப் பரிசீலித்தபின் சொன்ன முடிவு. விசாரித்தபின் குற்றம் இல்லை என்பது வேறு. முதல் சுற்று என்பதற்காகவே குற்றத்தைக் குறைத்து எண்ணுவது வேறு.

எஃப்.ஐ.ஏ. செய்ய வேண்டியது இதுதான். முதல் சுற்றுக்கென்று உள்ள சலுகையை எடுத்துவிட வேண்டும். ஓட்டுநர் எங்கே பிரேக்கை அழுத்தினார், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு காரின் அகலம் இடம் விட்டாரா, அவரைக் காணும் வாய்ப்பு இருந்ததா என்ற கேள்விகளுக்கு மட்டும் விடை கண்டு, அந்த விடையைக் கொண்டே தண்டனையை அளவிட வேண்டும். எத்தனை கார்கள் சிதைந்தன, எவருடைய பட்டம் பறிபோயிற்று என்பவற்றைத் தீர்ப்பில் எழுதவே கூடாது. பிரேக்கின் அழுத்தமும் ஸ்டியரிங்கின் திருப்பமும் நொடிக்கு நொடி பதிவாகிற இக்காலத்தில் அதற்கு வேண்டிய ஆதாரம் நடுவர்களின் மேஜைமேலேயே இருக்கிறது. ஒருவருக்கும் காயமில்லாத அலட்சியத்துக்கும், ஒரு உயிரைக் குடித்த அதே அளவு அலட்சியத்துக்கும் ஒரே தண்டனை விதிக்கும் துணிவு நடுவர்களுக்கு வர வேண்டும். அது அடுத்த பந்தயத்திலிருந்தே வர வேண்டும்.